சூழ்தல், போர்த்தல், முற்றல்



பத்தாண்டு நிறைவு காணும் நம் அமைப்புக்கு இலக்கிய வட்டம் என்று பெயர். வட்டம் என்பதே ஒன்றைச் சூழ்ந்து நிற்கும் வடிவமன்றோ! ஆதலின், சூழ்தலையும் மூடுதலையும் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை ஆராய்ந்து, அவை கவிஞர்க்கு விடுக்கும் வினா ஒன்றனை முன்வைக்க விழைகின்றேன்.

இச்சொற்கள் ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றும். உற்று நோக்கினால் ஒவ்வொன்றும் தனி வினை என்பது புலனாகும். போர்த்தல் என்பது மேலே கிடந்து உடலைத் தொட்டு நிற்பது. பொதிதல் உள்ளீட்டை முழுதும் மறைப்பது. உறை, தன்னுள் இருக்கும் பொருளின் வடிவையே தானும் கொள்வது; வாளுறையும் தலையணை உறையும் காண்க. கவிதல் வளைந்து கீழ்நோக்கி இறங்குவது. சூழ்தலோ தொடாமலே நாற்புறமும் நிற்க வல்லது. இருள் கவிந்தது என்றால் வானம் தாழ்கின்றது. இருள் போர்த்தது என்றால் அது மேனியைத் தீண்டிவிட்டது. இருள் சூழ்ந்தது என்றாலோ, நடுவில் ஒரு விளக்கேனும் எரிய இடமுண்டு. இன்றைய கவிதைகள் பலவற்றில் இம்மூன்றும் நிற்க வேண்டிய இடங்களில் 'சூழ்' ஒன்றே நிற்கின்றது. சொல் குறையும்போது காட்சியும் குறைகின்றது.

சூழ்தல் அறிவின் தொழிலாகவும் இருந்தது. ஒரு செயலை எல்லாப் பக்கமும் சுற்றி வந்து ஆராய்தலே சூழ்ச்சி. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் அச்சொல் இப்பொருளிலேயே வருகின்றது. பின்னர் அது வஞ்சனையைக் குறிப்பதாயிற்று. ஆராய்பவனும் சூழ்கின்றான், கெடுப்பவனும் சூழ்கின்றான். இவ்விரட்டைத் தன்மை இக்குடும்பத்துச் சொற்கள் பலவற்றில் உண்டு. குஞ்சினை அணைத்துக் காக்கும் சிறகும் சிறை எனப்படும். மனிதரை அடைத்து வைக்கும் கொட்டடியும் சிறை எனப்படும். காவலும் கட்டும் ஒரே சொல்லில் உறைகின்றன. மகளிரைச் சிறைவைத்துக் காக்கும் காவலால் ஆவதென்ன என்று வள்ளுவர் வினவியது இவ்விடத்து எண்ணத்தக்கது.

சங்கப் பாடல்களில் இவ்வேறுபாடு தெளிவாக விளங்குகின்றது. பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். அது போர்த்தல், அருளின் செயல். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். கொடி தானே பற்றிச் சுற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பு தந்தான். அதே பாரியின் பறம்பை மூவேந்தரும் வளைத்தபோது கபிலர் ஆளும் சொல் 'முற்று' என்பது. முற்றுதல் என்றால் முழுமையாதல். ஓரிடமும் விடாது வளைத்தலே முற்றுகை. ஆயின் உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை அது என்று கபிலர் காட்டும்போது, முற்றுகை முற்றுப் பெறாதது என்பதும் விளங்குகின்றது.

ஆவூர் முற்றுகை இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. புறநானூற்று 44ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, நலங்கிள்ளி ஊரை முற்றியிருந்தான் என்றும் நெடுங்கிள்ளி அடைத்திருந்தான் என்றும் கூறும். ஒரே மதில், வெளியே ஒரு வினைச்சொல், உள்ளே ஒரு வினைச்சொல். இரண்டும் அரசர்தம் வினைகளே. இவ்விருவர்க்கும் இடையே அகப்பட்டோர் யாவர்? பாலின்றி அலறும் குழவியர், பூவின்றி வெறுங்கூந்தலை முடிக்கும் மகளிர், நீரின்றி வருந்தும் இல்லத்தார். கோவூர்கிழார் இவர்களை நெடுங்கிள்ளியின் கண்முன் நிறுத்துகின்றார். அறமுடையாயின் ஊரைக் கொடுத்துக் கதவைத் திற, மறமுடையாயின் போரிடத் திற, இரண்டும் இன்றி உள்ளே ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்று இடித்துரைக்கின்றார்.

மதிலை வளைப்பதற்கு உழிஞை என்று திணை வகுத்த தொல்காப்பியர், மதில் காத்தலை அதனுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை அதனை நொச்சி எனத் தனித்திணை ஆக்கிற்று. ஆயினும் நொச்சி மதில் காக்கும் மறவர்க்கே உரியது. அடைபட்டு அழும் குழவிக்குத் திணை வகுத்தார் இலர். இலக்கணம் விட்ட இடத்தில் புலவர் நின்றார்.

இது பழங்கதை அன்று. 2009இல் இலங்கையில் போர் முடிந்தபின், வவுனியாப் பகுதி முகாம்களில் 2,50,000க்கும் மேற்பட்ட தமிழ் மக்கள் அடைக்கப்பட்டனர். அவற்றை அரசு நலன்புரி நிலையங்கள் என்றது; மக்கள் முள்வேலி முகாம் என்றனர். வேலி பயிரைக் காப்பது. அதனோடு 'முள்' சேர்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற தொடர் வழங்கியது. வலயம் என்பது வளையலுக்கும் பெயர். அவ்வளையத்துக்குள் இராணுவம் இருந்தது. நிலத்துக்கு உரியோர் வெளியே நின்றனர். இனிய சொல் ஒன்று கொடிய செயலுக்குப் போர்வையாகும்போது, அப்போர்வையை விலக்கிக் காட்டும் கடமை கவிஞரைச் சாரும்.

கவிஞர் பெருமக்களே, சூழ்தலைக் குறிக்கும் சொல் ஒன்றைக் கையாளுமுன் ஒரு வினாவை எழுப்புங்கள்: உள்ளே இருப்பவர் விரும்பும்போது வெளியே வர இயலுமா? இயலுமெனின் அது போர்வை, கூடு, உறைவிடம். இயலாதெனின் அது சிறை. எத்துணை அழகிய பெயரிட்டு அழைப்பினும் சிறையே. அவ்வேறுபாட்டை மயங்கவிடாது காக்கும் சொல்வளம் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம்.

நம் வட்டமும், வருவோர்க்கும் செல்வோர்க்கும் கதவு திறந்த வட்டமாகவே வளர்க.