மாதேஸ்வரன் மலையும் மஞ்சு மூடிய வழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



குறளையும் சிலம்பையும் எடுத்துப் பேசவல்ல அறிஞர்கள் இம்மேடையில் வீற்றிருக்க, பயணச்சீட்டுக் கணக்கெழுதும் எமக்குச் செயலாளர் அவர்கள் மலைவழிப் பயணத்தைத் தலைப்பாகத் தந்துவிட்டார்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நாம் இலக்கியத்தில் கை வைப்பதைக் காட்டிலும், கால் அறிந்ததைச் சொல்வதே நலமென்று அவர்கள் கருதினார்கள் போலும். ஆகவே மாதேஸ்வரன் மலையைப் பற்றியும், மஞ்சு மூடிய மலைமுகடுகளில் தன்னந்தனியே ஓடுவதைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

மைசூரில் வாழும் நம்மவருள் பலர் அம்மலையை நமக்குத் தொடர்பற்ற தலமென்றே எண்ணியிருக்கின்றனர். கொள்ளேகாலம் வட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் சென்னை இராச்சியத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது மைசூரோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகரம் தனி மாவட்டமானபொழுது அங்கே சென்றது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் அடியார்கள் அதைப் பொருட்படுத்தினார்களில்லை. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பாலாற்றைக் கடந்து நம் சேலத்து உழவர்கள் இன்றும் அங்கே போகின்றார்கள்.

அங்குள்ள மலைகள் எழுபத்தேழு என்பது வழக்கு. அவற்றுள் முதன்மையாகச் சொல்லப்படும் ஏழின் பெயரைக் கேளுங்கள்: ஆனெமலெ, ஜேனுமலெ, கானுமலெ, பச்செமலெ, பவளமலெ, பொன்னாச்சிமலெ, கொங்குமலெ. இவற்றைத் தமிழாக்கவும் வேண்டுமோ? ஜேனு என்பது தேன் என்று மட்டும் சொல்லிவிட்டால் மற்றவை தாமே விளங்கும். ஏனைய இடங்களில் குன்றினைப் 'பெட்ட' என்று வழங்கும் கன்னடர், இங்கே 'மலெ' என்கின்றனர். பனிமூட்டத்துக்கு அவர்கள் சொல்லும் 'மஞ்சு' என்னும் சொல்லும் நம் புலவர்கள் முகிலுக்கு ஆண்டதேயாம். இவ்விரு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சான்று தேடி நூலகம் செல்ல வேண்டியதில்லை.

மாதேஸ்வரர் புலியின்மேல் ஏறி இம்மலைகளில் உலவினார் என்பதும், சிரவணன் என்னும் கொடியோனை அழித்தார் என்பதும், குறும்பர் குலத்துப் பெருஞ்செல்வரான ஜுஞ்சே கவுடர் கோயில் எடுப்பித்தார் என்பதும் அடியார்கள் பாடும் கதை. வெண்கலத்தாலான கம்சாளையைத் தட்டிக்கொண்டு இரவு முழுவதும் அக்கதையைப் பாடுவார்கள். அந்தக் கம்சாளையைப் பற்றிப் பின்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கின்றது.

அடிவாரத்துத் தாளபெட்டத்திலிருந்து கோயில் வரையில் நடந்து செல்வோர் ஆயிரக்கணக்கானோர். தொலைவு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி நெயிஸ்மித் என்பவர் 1892இல் ஒரு கணக்கு வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதன்மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. அக்கணக்கின்படி சமதரையே நாலு மணிக்குச் சற்றுக் குறைய வேண்டும், ஏற்றம் வேறு. இடுப்பில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக வரும் தாய்மார்களுக்கு நெயிஸ்மித் கணக்குப் போடவில்லை.

நாம் இதுவரை ஏழு முறை அவ்வழியே நடந்திருக்கின்றோம். ஐந்தாம் முறை கார்த்திகை மாதம். விடியுமுன் ஏறத் தொடங்கினோம். ஒரு வளைவைத் தாண்டியதும் மஞ்சு இறங்கிற்று. இறங்கிற்று என்பது வழக்குச் சொல். உண்மையில் அது கீழிருந்து ஏறுகின்றது. ஈரக்காற்று சரிவின்மேல் ஏற ஏறக் குளிர்ந்து, தாங்கமாட்டாத ஈரத்தை நுண்துளியாக்கி விடுகின்றது. ஊரிலிருந்து பார்ப்பவனுக்கு அது முகில். உள்ளே நிற்பவனுக்கு வெண்சுவர். கைவிளக்கை ஏற்றினால் ஒளி திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். முன்னே சென்ற தோழர்கள் பத்தடியில் மறைந்தார்கள். சாலையின் ஓரம் எது, பள்ளத்தின் ஓரம் எது என்று தெரியவில்லை. அப்பொழுது மேலேயிருந்து கம்சாளையின் ஓசை வந்தது. அதைத் தொடர்ந்து 'உகே மாதப்பா!' என்னும் முழக்கம். பின்னால் வந்தவர்கள் அதற்கு விடை கொடுத்தார்கள். முன்னொலிக்கும் பின்னொலிக்கும் இடையே, கண்ணை நம்பாமல் காதை நம்பி நாம் நடந்தோம்.

இரயில்வேக்காரனுக்கு இது புதுமையன்று. பனிமூட்டத்தில் கைகாட்டி தெரியாதபொழுது என்ன செய்கின்றோம்? நிலைய அதிகாரி 180 மீட்டர் தொலைவிலுள்ள குறிப்பிட்ட பொருளைப் பார்ப்பார். அது தெரியவில்லையானால் ஆளை அனுப்புவார். அவ்வாள் கைகாட்டிக்கு 270 மீட்டருக்கு முன்பாகத் தண்டவாளத்தின்மேல் இரண்டு வெடிகளைப் பத்து மீட்டர் இடைவிட்டுப் பொருத்துவான். எஞ்சின் ஏறியதும் அவை வெடிக்கும். ஓட்டுநர் கைகாட்டி நெருங்கிவிட்டதென்று அறிவார். செயற்கைக்கோள் கொண்டு வழிகாட்டும் கருவிகள் வடநாட்டு எஞ்சின்களில் இந்நாளில் வந்துவிட்டன. ஆயினும் வெடி விதிநூலை விட்டு நீங்கவில்லை. கண் தோற்ற இடத்தில் காது வேலை செய்ய வேண்டும் என்பதை வெள்ளைக்காரன் விதியாக எழுதினான். மாதேஸ்வரர் அடியார்கள் எழுதாமலே செய்து வருகின்றார்கள்.

'எமக்கு வழி தெரியும், நேராகப் போவோம்' என்று இளைஞர்கள் கூறுவார்கள். செருமானிய ஆய்வாளர்கள் சிலர் காட்டிலும் சகாரா பாலையிலும் மனிதர்களை நடக்கவிட்டுப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஞாயிறோ திங்களோ தெரிந்தவரையில் நேரே நடந்தவர்கள், அவை மறைந்ததும் வட்டமிடத் தொடங்கினார்கள். தாம் வட்டமிடுவதை அவர்கள் உணரவுமில்லை. மஞ்சில் வழி தவறுவது மடமையால் அன்று, உடம்பின் இயல்பால்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். மலைமுகடுகளில் ஓடுவதை ஒரு கலையாக வளர்த்தவர்கள் இங்கிலாந்தின் ஏரிநாட்டார். கெசுவிக்கு என்னும் சிற்றூரில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரகாம் என்பவர், 1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் சுற்றி வந்தார். தம் வயதுக்கு ஈடாக 42 என்று வைத்துக்கொண்டார் என்பார்கள். எம் வயதும் அதையொட்டியதே ஆகையால், நாற்காலியில் அமர்ந்து வயிறு வளர்க்கும் எம் போன்றோருக்கு அச்செய்தி நாணத்தைத் தருகின்றது. அவர் உண்டது ரொட்டியும் வெண்ணெயும் அவித்த முட்டையும் பழமும். முந்தின ஆண்டு முயன்று முடியாமற்போனதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எம் நெஞ்சில் தைத்தது வேறு. அவர் தனியே ஓடவில்லை. மாறி மாறித் தோழர்கள் உடன் வந்தார்கள். அவர் பெயரால் 1971இல் அமைந்த கழகமும், ஒவ்வொரு சிகரத்திலும் கண்ட சாட்சி ஒருவர் வேண்டும் என்கின்றது.

சீன நாட்டுக் கான்சு மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் நடந்த நூறு கிலோமீட்டர் மலையோட்டத்தை நினைத்தால் உள்ளம் நடுங்குகின்றது. ஆலங்கட்டியும் உறைமழையும் புயற்காற்றும் ஒருங்கே வந்து, 172 பேர் ஓடியதில் 21 பேர் குளிரில் விறைத்து மாண்டனர். அவர்களுள் நாடறிந்த வீரர்களும் இருந்தனர். மெல்லிய ஆடை நனைந்து காற்றும் அடித்தால், உடம்பு உண்டாக்கும் வெப்பத்தைக் காற்று கொண்டுபோய்விடும்; முதலில் நடுக்கம், பிறகு அறிவு மயக்கம். அன்றைய நாளில் ஆறு பேரைத் தம் குகைக்கு அழைத்துச் சென்று தீ மூட்டிக் காத்தவர் ஓர் ஆட்டிடையர். பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லாவிடினும் நாம் முதற்பரிசை அவருக்கே அளிப்போம்.

நம் மலையில் அத்தகைய குளிர் இல்லை. ஆனால் யானை உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டம் காக்கும் சரணாலயம் அது, 2013இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 906 சதுர கிலோமீட்டர். வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுவழியில் நுழைதல் குற்றம். மஞ்சுக்குள் ஓசையின்றி ஓடிவரும் ஒருவனை யானை எவ்வாறு வரவேற்கும் என்பதை எம்மால் எடுத்துரைக்க இயலாது. கூட்டமாகக் கூவிக்கொண்டு போகும் அடியார்களுக்கு அது விலகி வழி விடுவதற்கு நேரம் கிடைக்கின்றது. கால் ஒடிந்தாலோ, தூக்கிவர வேண்டியவர்கள் அக்காட்டூர் மக்களே. தங்கள் நோயாளிகளையே டோலி கட்டிச் சுமந்துவந்த அவர்களின் செய்தியை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். அவர்கள் தோளுக்கு மேலும் ஒரு சுமையை ஏற்றுவது முறையன்று.

இத்தனையும் இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர், கல்லூரி நெடுந்தொலை ஓட்டத்தில் பரிசு பெற்றவர், கோயிலிலிருந்து நாகமலை வரையில் சென்று திரும்பத் தனியே ஓடவேண்டுமென்று உறுதி கொண்டிருக்கின்றார். பாம்பு படமெடுத்தாற்போன்ற பாறை அங்கே உண்டு, காணத்தக்கதே. அவர்தம் அன்னையார் எம்மிடம் வந்து, 'அண்ணா, நீங்களாவது ஒரு சொல் சொல்லுங்கள்' என்றார்கள். போகாதே என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. நல்ல கால்களைப் பூட்டி வைப்பதும் ஒருவகைப் பாவமே.

ஆகவே எம் தொழில் வழியே சொன்னோம். தம்பி, முன் நிலையம் லைன் கிளியர் தராமல் எந்த வண்டியும் நிலையத்தை விட்டு நகர்வதில்லை. உமக்கும் அதுவே விதி. வனத்துறை அனுமதி கையில் வேண்டும். நனையாத மேலாடையும் ஊதலும் உடன் வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்தினால் மலையறிந்தார் எவருக்கும் அது அபயக்குரல் என்று புரியும். மஞ்சு வந்தால் நின்றுவிட வேண்டும், ஓடக்கூடாது. புறப்படும் நேரம், வழி, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் கோயிலடியில் காத்திருக்கும் துணைவர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். நேரம் கடந்தால் அவர் வனத்துறையினரிடம் செல்வார். முதல் மூன்றுக்கும் தம்பி உடனே இசைந்தார். நான்காவதைக் கேட்டுச் சிரித்தார். துணைவர் இருந்தால் அது தனி ஓட்டம் ஆகுமா என்றார்.

ஓடுவது நீர் தனியாகவே ஓடலாம். காத்திருப்பதற்குத்தான் ஒருவர் வேண்டும் என்றோம். யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று கேட்டார். எமக்கு விடுப்பு நிறைய மீந்திருக்கின்றது. அவர் இதோ மூன்றாம் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கின்றார். நாளைக் குறித்துச் சொல்லவேண்டியவர் அவரே.