வலிப்பு நோய்த் தொண்டும் மருத்துவ வல்லுநர் துணையும்



கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் பழகிய பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் பொதுத் தொண்டுக்கு முன்வருவோர் என்றுமே குறைந்ததில்லை. கோயில் திருவிழாவானாலும் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதானாலும் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அந்தத் தொண்டு மனம் நோய் சம்பந்தமான காரியத்தில் இறங்கும்போது அன்பு மட்டும் போதுமா என்பதே இன்றைய பேச்சின் கேள்வி. வலிப்பு நோயாளருக்கு உதவும் தொண்டு அமைப்பையும், அதற்கு வழிகாட்டும் மருத்துவ ஆலோசனைக் குழுவையும் எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மூளை மின் துடிப்புகளால் வேலை செய்கிறது. அத்துடிப்புகள் திடீரென்று ஒழுங்கு தப்பிப் பொங்கி எழுவதே வலிப்பு. இது பேயோ சாபமோ தொற்று நோயோ அன்று. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கொடுத்து மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்கலாம். அப்படியிருந்தும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பெண் பிள்ளையென்றால் நோயின் பெயரைக்கூட வெளியே சொல்வதில்லை.

இந்த மௌனத்தை உடைக்கத்தான் தொண்டு அமைப்பு தேவைப்படுகிறது. ஆனால் மௌனத்தை உடைத்துச் சொல்லும் சொல் சரியான சொல்லாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நல்ல நோக்கமுள்ள இளைஞர்கள் சிலர் வலிப்பு பற்றித் துண்டுத்தாள் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். "வலிப்பு நின்றுவிட்டால் மருந்தையும் நிறுத்திவிடலாம்" என்று அதில் ஒரு வரி. அதைப் படித்த தாய் ஒருத்தி, மூன்று மாதமாக மகளுக்கு வலிப்பு வரவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் பிள்ளைக்கு நிற்காத வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் அந்த ஆண்டுப் படிப்பில் பாதி போயிற்று. "தாள்ல அப்படித்தானே டீச்சர் போட்டிருந்தது?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பொதுவாகக் குறைந்தது இரண்டாண்டுகள் வலிப்பே இல்லாமலிருந்த பிறகுதான், அதுவும் மருத்துவர் பார்த்து, சிறுகச் சிறுக மருந்தைக் குறைப்பார். அச்சுக்குப் போகுமுன் ஒரு மருத்துவர் அந்த வரியைப் பார்த்திருந்தால் திருத்த ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

ஆகவே ஆலோசனைக் குழுவின் முதல் வேலை, அமைப்பு வெளியிடும் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்ப்பது. வலிப்பு வந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையே பாருங்கள். அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்ற வேண்டும். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதையும் வைக்கக் கூடாது. கை கால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்புமுன் மறுபடியும் வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் சாவியைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது என்பார்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும்; சாவி தேடி எடுத்து வருவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. இப்படிக் காரணத்தோடு விளக்கினால் பாட்டியும் ஒப்புக்கொள்வார்.

இரண்டாவது வேலை, உலக அறிவை நம் இடத்துக்கு ஏற்பச் சொல்வது. இதற்கு நம் சிலாங்கூர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1901-ல் கிள்ளானில் மருத்துவ அதிகாரியாக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்து, காட்டை வெட்டி, மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். கடலோரச் சமவெளித் தோட்டங்களில் அந்த முறை நன்கு பலித்தது; அங்கிருந்த கொசு நிழலுள்ள நீரில் வளர்வது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியதும் மலேரியா கூடியது! அங்கிருந்த வேறொரு கொசு வெயில்படும் ஓடையில் வளர்வது. ஒரே அறிவுரை ஓரிடத்தில் மருந்தாயிற்று, மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று. இடத்துக்கு இடம் ஆராய்ந்து சொன்ன வல்லுநர்களும், மண்வெட்டி பிடித்துக் கால்வாய் வெட்டிய தொழிலாளர்களும் சேர்ந்ததால்தான் அந்நோய் பின்வாங்கியது.

வலிப்பு மருந்திலும் இதே பாடம் உண்டு. கார்பமசெபின் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் நல்ல மருந்து. ஆயினும் ஒரு குறிப்பிட்ட மரபணுக்கூறு உள்ளவர்களுக்கு அதனால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று 2004-ல் தைவான் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அந்த மரபணுக்கூறு ஐரோப்பியரிடம் மிக அரிது, சீனரிடமும் மலாய்க்காரரிடமும் கூடுதல், இந்தியரிடமும் உண்டு. ஆகவே ஐரோப்பிய நாட்டுத் துண்டுத்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் நம் மக்களுக்குப் போதாது. புதிதாக மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும் என்று எழுத, இந்நாட்டில் பணிபுரியும் நரம்பியல் மருத்துவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். வால்புரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக் கூடியது. திருமண வயதுப் பெண்களுக்கு அதைச் சொல்லவும், பயந்து தாங்களே மருந்தை நிறுத்திவிடாதபடி சொல்லவும் தெரிந்தவர் வேண்டும்.

மூன்றாவது வேலை, அதிகாரத்திடம் பேசும்போது துணை நிற்பது. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-ல் செய்த திருத்தம், அடிக்கடி வரும் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்துத் திருமணத் தடையாக வைத்திருந்தது. இந்திய வலிப்புநோய்ச் சங்கம் இதை எதிர்த்து இடைவிடாமல் முயன்றது. மருத்துவர்களும் பொதுமக்களும் ஒன்றாக இருந்த சங்கம் அது. 1999-ல் வந்த திருத்தச் சட்டம் 'வலிப்பு' என்ற சொல்லை அங்கிருந்து நீக்கியது. நோயாளியின் கண்ணீர் மட்டும் போயிருந்தால் இரக்கம் கிடைத்திருக்கும். மருத்துவரின் அறிக்கை மட்டும் போயிருந்தால் கோப்பில் உறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து போனதால் சட்டம் மாறியது.

உலக அளவிலும் இக்கதைதான். மருத்துவர்களின் அனைத்துலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 1909-ல் புடாபெஸ்ட் நகரில் தொடங்கியது. நோயாளர் நலனுக்கான அனைத்துலக வலிப்புநோய்ப் பணியகம் 1961-ல் தோன்றியது. 1997-ல் இவ்விரண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தோடு இணைந்து ஓர் உலக இயக்கத்தைத் தொடங்கின. 2022-ல் உலகச் சுகாதாரப் பேரவை, 2031 வரைக்குமான செயல் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இனி, குழுவில் யார் இருக்க வேண்டும்? நரம்பியல் மருத்துவர், குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், மருந்தாளர், தாதி ஆகியோர் தேவை. அவர்களோடு வலிப்பு நோயோடு வாழும் ஒருவரும், அத்தகைய பிள்ளையின் பெற்றோர் ஒருவரும் சமமாக உட்கார வேண்டும். நீண்ட கம்பத்தில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டும் வேலைக்கு வலிப்பு உள்ளவர் போகலாமா, தஞ்சோங் காராங் வயல் கால்வாயில் பிள்ளை தனியாகக் குளிக்கலாமா, மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்ற கேள்விகள் அவர்களிடமிருந்துதான் வரும். கேள்வி அவர்களுடையது, விடை வல்லுநருடையது.

எச்சரிக்கையும் வேண்டும். பெயர்ப்பலகையில் பட்டங்களை வரிசையாகப் போடுவதற்காக மட்டும் மருத்துவர்களை அழைக்கக் கூடாது; ஆண்டுக்குச் சில முறையாவது கூடி, சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். மருந்துக் கம்பெனியிடம் பணமோ சலுகையோ பெறுபவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழு ஆலோசனைதான் தரும். நோயாளியைப் பாராமல் மருந்து எழுதித் தராது. நிர்வாகப் பொறுப்பு தொண்டர்களிடமே இருக்க வேண்டும்.

முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் டிரஸ்ஸர் இருந்தார். காய்ச்சலென்றால் கதவைத் தட்டலாம். இன்று குடும்பங்கள் பல தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அந்தக் கதவு இல்லை. ஆகவே நம் சங்கங்கள் அருகிலுள்ள கிளினிக்கின் மருத்துவரிடமும் தாதியிடமும் சென்று, "ஆண்டுக்கு இரண்டு மாலை நேரம் எங்களுக்குத் தாருங்கள்" என்று கேட்கலாம். முதல் மாலையைப் பள்ளி ஆசிரியர்களுக்கென ஒதுக்குங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை துடித்து விழும்போது, மற்ற முப்பது பிள்ளைகளும் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆசிரியர் அஞ்சி ஒதுங்கினால் அவர்களும் ஒதுங்குவார்கள். அமைதியாக அருகில் அமர்ந்து செய்யவேண்டியதைச் செய்தால், அந்தப் பிள்ளை மறுநாள் அதே பெஞ்சில் அதே தோழியின் பக்கத்தில் உட்கார முடியும்.