ஒளி தரும் படிகளும் ஜாதிப் படிகளும்

(கல்பாக்கம் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், படிப்படியாய் ஒளி தரும் ஒருவகை லேசர் கருவியைப் பற்றியதாகும். இதைக் கேட்டவுடனே, "இதெல்லாம் நம் முன்னோர்கள் பிரம்மாஸ்திரம் என்ற பெயரால் அறிந்திருந்ததுதான்" என்று சொல்ல ஒரு கூட்டம் புறப்பட்டுவிடும். அவர்களை நாம் கேட்பது ஒன்றுதான். அந்த அஸ்திரத்திற்குள் போன சக்தி எவ்வளவு? ஒளியாய் வந்தது எவ்வளவு? வீணானது எவ்வளவு? பதில் கிடையாது. புராணத்திற்குக் கணக்குத் தேவையில்லை. விஞ்ஞானத்திற்கோ கணக்குத்தான் உயிர்.

சாதாரண குறைக்கடத்தி லேசரில் ஓர் எலெக்ட்ரான் ஒரே தடவை கீழே விழுந்து, ஒரு துளி ஒளியைத் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். அதையே படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கவிட்டால் படிக்கு ஒரு துளி கிடைக்குமல்லவா? இதற்கு வழிகாட்டும் யோசனையை 1971-ல் ருஷியாவில் கஸாரினாவ், சூரிஸ் என்ற இருவர் எழுதினார்கள். 1994-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஃபைஸ்ட், கபாஸோ முதலியவர்கள் 25 படிகள் வைத்துச் செய்தே காட்டினார்கள். ஒவ்வொரு படியும் மயிரிழையின் பருமனில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அடுக்குகளால் ஆனது. அடுக்கின் பருமனை மாற்றினால் ஒளியின் தன்மையும் மாறும். எல்லாம் மனிதன் போட்ட திட்டமேயன்றி வேறல்ல.

முதற்கருவி கடுங்குளிரில் மட்டுமே வேலை செய்தது. அதைச் செய்தவர்கள் குறையை மறைக்கவில்லை. மின்சாரம் எங்கே போகிறது என்று தேடினார்கள். அடுத்த படிக்கு எலெக்ட்ரானைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கொஞ்சம், படியைத் தாண்டி அது ஓடிப்போவதில் கொஞ்சம், உண்டான ஒளியையே கருவி விழுங்கிவிடுவதில் கொஞ்சம் என்று கண்டு, ஒவ்வொன்றாய்க் குறைத்தார்கள். 2011-ல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையார், சாதாரண அறை வெப்பத்தில், விட்டுவிட்டு ஓடும்போது 100-க்கு 27 பங்கும், ஓயாமல் ஓடும்போது 21 பங்கும் ஒளியாக்கினார்கள். மீதியெல்லாம் சூடு. இது கேவலமல்ல. இந்தக் கல்பாக்கத்தில் 1980-களில் ஓடத் தொடங்கிய அணுமின் நிலையமும் தன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மின்சாரமாக்கும்படி அமைந்தது. மீதி கடல் தண்ணீரோடு போய்விடும். நஷ்டத்தை ஒப்புக்கொண்டவனுக்குத்தான் அதைக் குறைக்க வழி தெரியும்.

இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்பீர்கள். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று ஓர் ஒளியை உறிஞ்சும். ஆகவே மீத்தேன் இருக்கிறதா, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறதா என்பதை இக்கருவி தூர இருந்தே சொல்லும். தோழர்களே, சாக்கடைக் குழியில் இறங்கினவனைக் கொல்லும் வாயுக்கள் இவைதாம்! இவற்றை அறிய இதைவிட மலிவான கருவிகளும் உண்டு. குழியைச் சுத்தம் செய்ய இயந்திரமும் உண்டு. மலக்குழியில் பாதுகாப்பின்றி மனிதனை இறக்கக்கூடாதென்று 2013-ல் சட்டமும் வந்தது. அப்படியிருந்தும் மனிதன் இறக்கப்படுகின்றான், சாகின்றான். எந்த மனிதன்? ஜாதிப் படிக்கட்டின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவன்தானே? மேற்படிக்காரன் எவனாவது இறங்கிச் செத்ததுண்டா?

அந்த லேசரின் படியும் மனிதன் செய்தது. ஜாதிப் படியும் மனிதன் செய்தது. ஒன்று ஒளி தருகிறது, மற்றது பிணம் தருகிறது. ஒன்றின் நஷ்டத்தை இரவு பகலாய்க் கணக்கெடுக்கின்றார்கள். மற்றதன் நஷ்டத்தைத் தலைவிதி என்கின்றார்கள்.

இதே ஜில்லாவில், 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடும்படி தீர்மானித்தது. பட்டம் பெரும்பாலும் போயிற்று. குழி போகவில்லை. ஆகையால் உங்கள் ஊரில் ஒருவனைக் குழிக்குள் இறக்கக் கண்டால், அங்கேயே நின்று, "இயந்திரம் எங்கே? சட்டம் எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அவனை இறங்கவிடாதீர்கள். விஞ்ஞானத்தைப் புகழ்வதைவிட இது பெரிய காரியமென்பதே நமது அபிப்பிராயம்.