லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவிலே

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கட குடும்பங்களில் ஒரு பிள்ளை இங்கே லண்டனில், மற்றப் பிள்ளை சிட்னியில் என்று இருப்பது புதினமில்லை. இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையில் ஆகாய வழியாக ஏறத்தாழ 17,000 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவே 40,000 தான். அப்படியென்றால் எவ்வளவு தூரம் சிதறிப் போனோம் என்று பாருங்கோ.

1947இல் குவான்டாஸ் விமானம் சிட்னியில் கிளம்பி டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி ஏறி லண்டன் வந்து சேர நாலு நாள் பிடித்தது. இன்று ஓரிடத்தில் மாறிப் போனால் 22 முதல் 24 மணித்தியாலம். 2019 நவம்பரில் சோதனைக்காக ஒரு விமானம் லண்டனிலிருந்து எங்கும் இறங்காமல் 19 மணித்தியாலம் 19 நிமிடத்தில் சிட்னி போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போதுதான் நேரம் கூடும். உயர வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. லண்டனிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து சிட்னியும் ஏறத்தாழ 8,750 தான். எங்கட நாடு இரண்டுக்கும் சரி நடுவில் இருக்கு! நேரமும் அப்படியே. இந்தச் சித்திரை மாதத்தில் ஊர் நேரத்துக்கு லண்டன் நாலரை மணித்தியாலம் பின்னுக்கு, சிட்னி நாலரை மணித்தியாலம் முன்னுக்கு. மார்கழியில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஐந்தரை.

ஆனால் அந்த நடுவிடத்துக்குத்தான் எங்களில் பலரால் போக முடிவதில்லை. அகதிக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம் எத்தனையோ நாடுகளுக்குச் செல்லும். விட்டு வந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது. வழக்கு முடியாதவருக்கு அந்தப் பத்திரமும் இல்லை. கொழும்புக்கு நேர் விமானம் ஏறினால் 11 மணித்தியாலம் அளவில் போய்விடலாம். அவருக்கோ அது 20 வருஷம் ஆகியும் முடியாத பயணம். தாயும் பிள்ளையும் சென்னையில் சந்தித்துக்கொள்வதும் இதனால்தான்.

ஆகையால் இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். போகக்கூடிய பத்திரம் கையில் உள்ளவர்கள் செத்தவீட்டுச் செய்திக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ரெலிபோன் வந்தபிறகு ரிக்கற் தேடி ஓடினால், அநேகமாக எல்லாம் முடிந்துதான் போய்ச் சேருவீர்கள். அம்மா அப்பா வாசலில் நின்று வரவேற்கக்கூடிய காலத்திலேயே ஒருக்கால் போய் வாருங்கோ.

போகமுடியாதவர்கள், யாழ்ப்பாணத்தில் மத்தியானம் 12 மணியாகும்போது கதையுங்கோ. அப்போது இங்கே காலை ஏழரை, சிட்னியில் பின்னேரம் நாலரை. மூன்று இடத்திலும் ஒருவரையும் நித்திரையால் எழுப்பத் தேவையில்லை. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, அப்பம்மாவோடு, அம்மம்மாவோடு தமிழில் கதைக்கவிடுங்கோ. அதுகள் கதைக்காமல் விட்டால் வருகிற தூரத்தை எந்த விமானத்தாலும் குறைக்க ஏலாது.