சாவு வீட்டுக்குச் சேர்கிற நாம், சபைக்கும் சேர்ந்து போவோம்
(தோட்டத்துக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம்ம லயத்தில் ஒரு சாவு என்றால் யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. ஒரு வீட்டில் தேத்தண்ணி, ஒரு வீட்டில் சோறு. வாலிபப் பிள்ளைகள் குழி வெட்டப் போய்விடுவார்கள். மரண உதவிச் சங்கத்துக் காசும் அன்றைக்கே கைக்கு வரும். ராத்திரியில் ஒரு பிள்ளைக்கு வலி எடுத்தால் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடுகிறோம்.

ஆனால் அந்த ரோடு ஏன் இப்படிக் கிடக்குது என்று கேட்க மட்டும் நாம் சேர்ந்து போனதில்லையே! "அது தொரை பார்க்க வேண்டியது, தலைவர் பேசுவார்" என்று இருந்துவிட்டோம்.

அதற்கும் காரணம் உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் பெரியவர்கள் பிரஜாவுரிமை இழந்தார்கள். மறுவருஷம் வாக்கும் போனது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி செய்தது. வாக்கு வந்த பிறகும், 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டக் குடியிருப்புக்கு வரத் தடையாக நின்றது. 2018-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருஷத் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ என்ற 2 சபைகள் 6 ஆயின. இனிக் கேட்க வேண்டியது நாம்தான்.

எங்கள் தோட்டத்தில் பீலிக்குத் தண்ணீர் வருகிற குழாய் உடைந்தபோது ஒருவர் தனியாகக் கடிதம் கொடுத்தார். பதில் இல்லை. பிறகு மரண உதவிச் சங்கத்துக் கொப்பியை எடுத்தோம். அதில்தான் எல்லா வீட்டுப் பேரும் இருக்குதே! வீட்டுக்கு ஒரு கையெழுத்து. எழுதத் தெரியாதவர் கைநாட்டு. மூன்று தரம் அலைந்தோம். நாலாம் தரம் மேல் லயத்துக்குக் குழாய் வந்தது. கீழ் லயத்துக்கு இன்னும் இல்லை. அதற்காக இப்போது மேல் லயத்தாரும் கூட வருகிறார்கள். அங்கேதான் எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

யூனியன் வேறு வேறாக இருக்கலாம். குடிக்கிற தண்ணீர் ஒன்றுதான். கடிதம் கொடுத்தால் பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விவரம் கேட்டு எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தண்ணீர் சுமக்கிற பெண்களே முன்னால் நின்று பேசுங்கள்.

செத்தவருக்காகச் சேர்கிற நாம், இருக்கிறவர்களுக்காகவும் சேர்வோம்.