உட்கார வைப்பதுதான் மரியாதையா?

நடுவர் அவர்களே, எதிர்வரிசையில் இப்போதே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! (சிரிப்பு)

முதுமையில் நலம் தருவது ஓய்வா, உழைப்பா? எதிரணித் தலைவர் என்ன சொன்னாருங்க? "அறுபது வயசு வரைக்கும் ஓடா உழைச்சாச்சு, இனிமேலாவது சாய்வு நாற்காலியில் சாயவிடுங்கள்" என்றார். சாயலாம் ஐயா, நல்லா சாயலாம். மறுபடி எழுந்திருக்கணுமே!

எங்கள் தெருவில் ஒரு அம்மா, எழுபது வயது. ஊரில் இருந்தவரை கிணற்றில் தண்ணீர் சேந்தி, வாசல் பெருக்கி, குனிந்து கோலம் போட்டவர். மகன் பாசத்தோடு பட்டணத்துக்கு அழைத்துவந்தார். குனிஞ்சா, "நீ விடும்மா". நடந்தா, "நீ உக்காரும்மா". ஒரே வருஷம். இன்று தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். "வயசாயிடுச்சு சார்" என்கிறார் அந்த மகன். ஒரு வருஷத்தில் ஒரு வயசுதானே ஆகும்? (கைதட்டல்)

திடகாத்திரமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. காலில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்திருந்தது! நோயாளிகள் இல்லைங்க, நல்லா இருந்தவங்க.

புறநானூற்றில் 243-ஆம் பாட்டு. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். ஊன்றிய தடியே பெயராகிப்போன புலவர். இருமிக்கொண்டே பழசை நினைக்கிறார். எதை நினைத்து ஏங்குகிறார்? நிலத்தையா, பொன்னையா? மருத மரக் கிளையில் ஏறி ஆழமான மடுவில் குதித்து, அடி மணலை அள்ளிவந்த அந்த உடம்பை நினைத்து ஏங்குகிறார். நான் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இருபது வயசு!

"நடமாடினா விழுந்துடுவாங்களே" என்று எதிரணி அம்மையார் கவலைப்பட்டார். நியாயமான கவலை. ஆனால், காலில் வலு இல்லாதவர்தானே அம்மா சீக்கிரம் விழுவார்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, 65 வயது கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது வலுவுக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்று. அது போக, வாரம் 150 நிமிடமாவது வேகநடை மாதிரி ஒன்று. இதய நோயோ மூட்டுவலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்டு அளவாகச் செய்யுங்கள். அதற்காகக் கட்டிலே கதி என்று கிடக்கவேண்டாம்.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாளைத் தெரியுமல்லவா? 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 105 என்றார்கள். அந்த வயதிலும் தோட்டத்து வேலையை விடாத இயற்கை விவசாயி. 2024-இல் மறைந்தார். எல்லோரும் பாப்பம்மாள் ஆகிவிட முடியாதுதான். நான் கேட்பது தோட்டம் இல்லை. தன் டம்ளர் தண்ணீரைத் தானே போய் எடுத்துக் குடிக்கிற உரிமை.

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை நீங்கள் உட்கார்ந்தே சொல்லலாம் நடுவரே, எங்கள் பக்கம் சொன்னால் போதும். (சிரிப்பு)