பாட்டி கேட்ட அந்த ரேடியோ எங்க போச்சு?

இன்னைக்கு எபிசோடை ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். என்னோட தப்புதான்.

எங்க தாத்தா துபாயில் வேலை பார்த்தவர். அப்போ வெளிநாட்டுல இருந்து போன் பேசறது ரொம்ப செலவு. அதனால கேசட்டில் பேசிப் பதிவு பண்ணி, ஊருக்கு வர்றவங்க கையில் கொடுத்து விடுவார். 1986-இல் அப்படி வந்த ஒரே ஒரு கேசட் வீட்டில் மிச்சம் இருந்தது. நான் இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம் படிக்கும்போது அதை லேப்டாப்பில் ஏத்தினேன். பாட்டி போன்ல 2 ஜிபி மெமரி கார்டு, அதுலயும் முக்கால்வாசி சாமி பாட்டு. சரி, வெறும் பேச்சுதானேன்னு 32 கேபிபிஎஸ் மோனோ எம்பி3-யா மாத்திக் கொடுத்துட்டு, லேப்டாப்பில் இருந்த வேவ் ஃபைலை அழிச்சுட்டேன். அடுத்த போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, "அது மொபைல்லயே இருக்கு பாட்டி"ன்னு சொல்லி கேசட்டையும் தூக்கிப் போட்டாச்சு.

போன மாசம் பாட்டி கேட்டாங்க: "ஏன்டா, தாத்தா பேசறப்ப பின்னாடி பக்கத்து ரூம் ரேடியோ மெல்லிசா கேட்குமே, அது எங்கடா?"

ஹெட்போன் போட்டு மூணு தடவை கேட்டேன். ரேடியோ இல்ல. ரேடியோ இருக்க வேண்டிய இடத்துல தண்ணிக்குள்ள யாரோ முனகுற மாதிரி ஒரு சத்தம்தான் இருக்கு.

அது எங்க போச்சுன்னு புரியணும்னா, ஒலி முதல்ல எப்படி எண்ணா மாறுதுன்னு பார்க்கணும். சிடி தரத்துல ஒரு விநாடி ஒலியை 44,100 தடவை அளக்கறாங்க. நம்ம காதுக்கு மேல் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். அதைச் சரியா பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல அளக்கணும், அதான் அந்த எண். ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினா விநாடிக்கு 14,11,200 பிட். நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி.

இதைச் சுருக்க இரண்டு வழி. ஃபிளாக் மாதிரி ஃபார்மட் எதையும் இழக்காது. முந்தின சாம்பிள்களை வச்சு அடுத்த சாம்பிள் என்னவா இருக்கும்னு ஊகிக்கும். ஊகம் எவ்வளவு தப்புங்கறதை மட்டும் எழுதி வைக்கும். பெரும்பாலும் பாதிக்குப் பக்கமா சுருங்கும், திரும்பப் பிரிச்சா ஒரு பிட் கூட மாறாது. அவ்வளவுதான், இதுல சண்டையே இல்ல.

எம்பி3 வேற ஜாதி. ஃப்ரண்ட்கூட பேசிட்டு நடக்கும்போது பக்கத்துல பஸ் ஹார்ன் அடிச்சா, அந்த நொடி அவன் சொன்னது காதுல விழாது இல்ல? ஒரு அதிர்வெண்ணில் பலமான ஒலி இருந்தா, அதுக்கு அக்கம்பக்கத்து அதிர்வெண்ணில் இருக்கும் மெல்லிய ஒலியை காது விட்டுடும். பலமான ஒலி நின்ன பிறகும் கொஞ்ச நேரம் அந்த மந்தம் இருக்கும். இந்த மறைப்புதான் எம்பி3-யோட மூலதனம்.

இங்க நிறைய பேர் "காதுக்குக் கேட்காததை எம்பி3 வெட்டிடும்"னு சொல்லி முடிச்சுடுவாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். உள்ள நடக்கறது பெரும்பாலும் வெட்டறது இல்ல, ரவுண்ட் பண்றது. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டா எடுத்து, ஒவ்வொண்ணையும் 576 அதிர்வெண் எண்களா மாத்தும். அப்புறம் அந்த எண்களைத் தோராயமா எழுதும். மளிகை பில் 487 ரூபாய் 35 பைசாவை 490-னு சொல்ற மாதிரி. இடம் இன்னும் கம்மின்னா 500. அந்த வித்தியாசம் நமக்கு இரைச்சலா வரும். அந்த இரைச்சல் பலமான ஒலியோட நிழல்ல ஒளிஞ்சுக்கற அளவுக்கு ரவுண்ட் பண்றதுதான் நல்ல என்கோடரோட திறமை.

இதே ரவுண்டிங்தான் தாளத்தையும் கெடுக்கும். மிருதங்கத்துல ஒரு அடி விழுதுன்னா, அதோட இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவும், அடிக்கு முன்னாடி இருக்கற மௌனத்துலயும். கை விழறதுக்கு முன்னாடியே ஒரு 'ஷ்' கேட்கும். அந்த மாதிரி இடத்துல என்கோடர் துண்டை 192 ஆகக் குறைச்சுக்கும். ஜெர்மனியில் இதை உருவாக்கின குழுவில் முக்கியமானவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடின 'டாம்ஸ் டைனர்' பாட்டை அவர் சோதனைக்குப் பயன்படுத்தினார். வெறும் மனுஷக் குரல்தான் அன்னைக்கு இருந்த கோடெக்கை ரொம்பப் படுத்துச்சு. பேச்சுதானேன்னு நினைச்ச எனக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

இப்போ தாத்தா கேசட்டுக்கு வருவோம். 32 கேபிபிஎஸ்னா பட்ஜெட் ரொம்பச் சின்னது. அதுலயும் பழைய டேப்போட 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் பெரிய பங்கு கேட்கும். இரைச்சலை ஊகிக்கவே முடியாது, அதனால அதைச் சுருக்கறதும் கஷ்டம். மிச்சம் இருந்த பிட் எல்லாம் தாத்தா குரலுக்குப் போயிருக்கு. ரேடியோவோட எண்கள் ஏற்கெனவே சின்னது. 500, 500-ஆ ரவுண்ட் பண்ற ஊர்ல 40 ரூபாய் என்ன ஆகும்? பூஜ்யம்.

அதனால எம்பி3-ஐத் திட்ட மனசு வரல. 128-ல போட்டிருந்தா அனேகமா அந்த ரேடியோ தப்பிச்சிருக்கும். இன்னொரு கடுப்பு என்னன்னா, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுக்குப் பயன்படுற ஓபஸ் கோடெக் 2012-லயே வந்தாச்சு. அதே 32-ல அது பேச்சை எம்பி3-ஐ விட எவ்வளவோ நல்லா காப்பாத்தும். பாட்டி போன்ல அது ஓடியிருக்காதுங்கறது வேற விஷயம்.

ஆபீஸ்ல ஒருத்தன், "வேவா மாத்திப் பாரேன்"னான். பூஜ்யத்தைப் பெரிய டப்பாவுல போட்டாலும் பூஜ்யம்தான். நெட்ல கிடைக்கற பல '320 கேபிபிஎஸ்' பாட்டும் இந்தக் கதைதான்: பழைய 128-ஐத் திரும்ப 320-ல எழுதி வச்சிருப்பாங்க, சைஸ் மட்டும் ஏறும். இன்னொருத்தன் ஏஐ டூல் சொன்னான். போட்டுப் பார்த்தேன். குரல் பளிச்சுன்னு ஆச்சு, ஆனா ரேடியோ வரல, போதாக்குறைக்கு தாத்தாவோட இருமலும் காணோம். பாட்டிகிட்ட அதைப் போட்டுக் காட்டல.

ஒரு மணி நேரக் கேசட்டை மோனோ வேவா வச்சா சுமார் 318 எம்பி. ஃபிளாக் பண்ணா அதுவும் குறையும். நான் அன்னைக்கு மிச்சம் பிடிச்சது இவ்வளவுதான். நேத்து ஒரு வாய்ஸ் நோட்டே இதை விடப் பெரிய போன்ல இருந்துதான் அனுப்பினேன்.

திருச்சியில் அத்தை வீட்டுப் பரணில் தாத்தா அவங்களுக்கு அனுப்பின கேசட் ஒண்ணு இருக்காம். அத்தைகிட்ட, "யாரும் எதுலயும் போட்டுப் பார்க்காதீங்க அத்தை, டேப் அறுந்துடும்"னு சொல்லி வச்சிருக்கேன். சனிக்கிழமை போறேன். சென்னையில யார்கிட்டயாவது ஹெட் சுத்தமா இருக்கற நல்ல கேசட் டெக் இருந்தா, இரண்டு நாளைக்கு இரவல் கொடுங்க. இன்ஸ்டாவுல மெசேஜ் பண்ணுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.